ஊசிக்கு ஒரு மூடி

ஊசி போடும்போது நோயாளி முகத்தைச் சுளிக்கிறார். ஒரு நொடியில் வலி தீர்ந்து விடுகிறது. அவர் எழுந்து வீட்டுக்குப் போய் விடுகிறார்.

ஆனால், ஊசி போட்ட நர்சின் கையில் அந்த ஊசி இன்னும் இருக்கிறது. அதன் முனையில் நோயாளியின் ரத்தம் ஒட்டி இருக்கிறது. ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த முனை நர்சின் விரலில் குத்தினால் என்ன ஆகும்?

நோயாளிக்கு மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த "ஹெபடைட்டிஸ் பி" கிருமி இருந்தால், தடுப்பூசி போடாத நர்சுக்கு அது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை உண்டு. எய்ட்ஸ் நோயின் கிருமியானால் ஆயிரத்துக்கு 3. எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். அந்த மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால்?

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன் முதலில் 1986-ம் ஆண்டு சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகிய இருவரும் அதைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் ஊசியைப் பற்றிய அச்சம் ஆஸ்பத்திரிகளில் வளர்ந்தது.

மூடியே பகை ஆகலாமா?

புது ஊசி ஒரு பிளாஸ்டிக் மூடியோடு வருகிறது. வேலை முடிந்ததும் பலர் அதே மூடியைத் திரும்பப் போடுகிறார்கள். இடது கையில் மூடி. வலது கையில் ஊசி. கை சற்றே தவறினால், மூடியைப் பிடித்த விரலில் ஊசி ஏறி விடும். காப்பாற்ற வந்த மூடியே குத்துவதற்குக் காரணம் ஆகி விடுகிறது!

ஆகவேதான், பயன்படுத்திய ஊசிக்குப் பழைய மூடியைத் திரும்பப் போடாதீர்கள் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். ஊசியை உடனே, குத்தினாலும் துளை விழாத பெட்டியில் போட வேண்டும். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் இதற்கென வெள்ளைப் பெட்டியைக் குறித்திருக்கின்றன.

ஆனால் நர்சின் கையிலிருந்து பெட்டிக்குப் போகும் வரை ஊசி திறந்தே இருக்கிறதே? அதற்காக வந்ததுதான் பாதுகாப்பு மூடி.

நல்ல மூடி எது?

இது ஊசியின் அடிப்பக்கத்தில் கீல் வைத்துப் பொருத்தப்பட்ட மூடி. தனியே கழன்று வராது. ஊசி போட்டு முடிந்ததும் கட்டைவிரலால் தள்ளினாலோ, மேஜை மேல் வைத்து அழுத்தினாலோ "டக்" என்று மூடிக் கொள்ளும்.

நல்ல மூடிக்கு நான்கு இலக்கணம் உண்டு. ஒரே கையால் மூட வேண்டும். விரல் எப்போதும் ஊசி முனைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். மூடியதும் சத்தம் கேட்க வேண்டும். மூடியபின் திறக்கக் கூடாது.

அதோடு, சுலபமாகப் பொருத்தக் கூடியதாகவும் இருக்க வேண்டும். உறுப்புகள் பத்து இருந்தால் விலை ஏறும், தவறும் ஏறும். இரண்டே உறுப்பு, பசை இல்லை, திருகு இல்லை, ஒரே பக்கமாகத்தான் உள்ளே நுழையும் என்று இருந்தால், பொருத்துகிறவர் தவறு செய்யவே முடியாது. விலை குறைந்தால்தான் கிராமத்து ஆஸ்பத்திரிக்கும் அது வந்து சேரும்.

சிரிஞ்சும் ஊசியும் சேரும் இடத்தின் சரிவு உலகம் முழுவதும் ஒரே அளவு: நூற்றுக்கு 6. ஆகவே ஒரு மூடியை ஒழுங்காக வடிவமைத்து விட்டால் எந்த ஊரிலும் அது பயன்படும்.

ராஜபாளையத்தால் முடியாதா?

அமெரிக்கா 2000-ம் ஆண்டிலேயே இத்தகைய பாதுகாப்பு ஊசிகளுக்குச் சட்டம் செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் எல்லா நாடுகளையும் வற்புறுத்தியது. நம் ஊர்களிலும் இது பரவ வேண்டாமா?

ராஜபாளையம் 1936-லேயே பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூல் ஆலை கண்ட ஊர். அருகே இருக்கும் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டுத் துணி நெய்து பேர் பெற்ற ஊர். ராஜபாளையத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகமே இருக்கிறது. இரண்டு ஊரிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு.

மாணவர்கள் நர்சுகளிடம் போய்க் கேட்கட்டும். எங்கே கை வழுக்குகிறது, எந்த மூடி இறுகுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு வரைபடம் போடட்டும்.

இது குடிசையில் செய்யும் வேலை அல்ல. தூசி இல்லாத அறை வேண்டும். கிருமி நீக்க வேண்டும். 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் வேண்டும். ஆனாலும் முயன்றால் முடியாதது அல்ல. புண்ணுக்குக் கட்டுத் துணி தந்த வட்டாரம், புண்ணே படாமல் காக்கும் மூடியையும் தரட்டும்!

வீட்டிலும் ஊசி உண்டு

சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக் கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஊசியைக் குப்பையில் வீசாதீர்கள். நாளை அதில் கை வைப்பவர் துப்புரவுத் தொழிலாளி. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி, "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

தவறி யாருக்காவது குத்தி விட்டால், பதற வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விரலைப் பிதுக்கவோ, வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்து உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

நம் நோயைத் தீர்க்க வந்தவருக்கு நம்மால் நோய் வரக் கூடாது. விரல் நகம் அளவு மூடிதான். ஆனால் அது காப்பது ஒரு குடும்பத்தை.