சீலிட்ட கவருக்குள்ள என்ன இருக்கு? கேட்போம்!

தோழர்களே,

"நாட்டோட பாதுகாப்புன்னு வந்துட்டா பத்திரிகை சுதந்திரமெல்லாம் அப்புறம்தான்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். கோபப்பட வேண்டாம். நியாயமாகவே பேசுவோம்.

2008 நவம்பர் 26, மும்பை தாக்குதல். பாதுகாப்புப் படையினரின் ஒவ்வொரு நகர்வையும் டி.வி. சேனல்கள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பால் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள், உள்ளே இருந்த பயங்கரவாதிகளுக்கு போனில் தகவல் கொடுத்தார்கள். 2012-ல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்லும் தகவலை மட்டுமே வெளியிடலாம் என்று இன்று கேபிள் டி.வி. விதி இருக்கிறது. சரியான விதிதான். எதைக் காட்டக் கூடாது, எதுவரைக்கும், ஏன் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்கு.

இப்போ கேரளாவுக்கு வாங்க. 2022 ஜனவரி 31-ல் 'மீடியாஒன்' என்ற மலையாளச் செய்தி சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்க ஒன்றிய அரசு மறுத்தது. உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு அனுமதி தரவில்லையாம். ஏன் தரவில்லை? அந்தக் காரணத்தை சீலிட்ட கவரில் போட்டு உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். சேனலுக்குக் காட்டவில்லை. என்ன குற்றம்னே தெரியாம ஒருத்தர் எப்படி பதில் சொல்ல முடியும்?

2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. அரசை விமர்சித்தது உரிமத்தை மறுக்கக் காரணம் ஆகாது என்றும் தெளிவாகச் சொன்னது.

"அது கேரளா, நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் நம்ம விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. காரணம் ஒரே ஒரு கார்ட்டூன்! அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. ஒரு படத்தின் மேல் புகார் என்றால், மொத்தத் தளத்தையும் எதுக்குப் பூட்டணும்?

ஆகவே தோழர்களே, இனி 'தேசவிரோத மீடியா' என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தச் செய்தியால் ஆபத்து? தடை எதுவரைக்கும்? காரணத்தை சம்பந்தப்பட்டவரிடம் சொன்னீர்களா?

இன்னொன்றும் மனதில் வையுங்கள். நம்ம கட்சியைத் தினமும் திட்டும் சேனலுக்கும் இதே அளவுகோல்தான். நாளைக்கு அதை ஒரு கவரைக் காட்டி மூடினாலும், நாம்தான் முதலில் கேட்க வேண்டும்: கவரைப் பிரிங்க!

#பத்திரிகைசுதந்திரம்