ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்கன்னு...

கடுப்புல எழுதுற பதிவு இது. பொறுத்துக்குங்க மக்களே.

போன வாரம் எழுபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி கொல்லிமலை போயிருந்தேன். ஆகாயகங்கை பாக்க இல்லை. செம்மேட்டுக்குப் பக்கத்துல இருக்குற எங்க அத்தையைப் பாக்க. பெருங்குடல்ல புற்றுநோய். ஆபரேஷனும் கீமோவும் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. சில்வர் ஓக்ல ஏறுன மிளகுக்கொடி, காப்பிச்செடின்னு சரிவுல ஏறி எறங்கிட்டு இருந்த மனுஷி, திண்ணையில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்காங்க. டாக்டர் நல்லா நடக்கச் சொல்லியிருக்காரு. சொந்தபந்தம் விட்டாத்தானே!

நான் இருந்த ஒரு மணி நேரத்துல மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர், "குனியவே கூடாது"ன்னாரு. இன்னொருத்தர், "அழுதா நோய் கூடிரும், சிரிச்சுக்கிட்டே இரு"ன்னாரு. மூணாமவர் கையில முடவாட்டுக்கால் கிழங்கு. மூட்டு வலிக்கு சூப் வெச்சுக் குடிக்கிற கிழங்குக்கு, கேன்சர் டிப்பார்ட்மென்ட்ல எப்பய்யா பிரமோஷன் கிடைச்சுது?

அவங்க போனப்புறம் அத்தை மெதுவா சொன்னாங்க: "எந்திரிச்சா திட்டறாங்க கண்ணு, அழுதாலும் திட்டறாங்க."

இதுக்குத்தான் எனக்கு ஆத்திரம்.

2025 ஜூன்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. கனடா, ஆஸ்திரேலியா உட்பட சில நாடுகள்ல, இதே பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிச்ச 889 பேர். பாதிப் பேருக்கு ஆள் வெச்சு மூணு வருஷம் உடற்பயிற்சி. பெரும்பாலும் வேக நடைதான். மீதிப் பேருக்கு ஆரோக்கியக் குறிப்பு இருக்குற புத்தகம் மட்டும். எட்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, பயிற்சி செஞ்சவங்கள்ல நூத்துக்கு 90 பேர், மத்தவங்கள்ல 83 பேர். ஒரு மாத்திரை இதைச் செஞ்சிருந்தா என்ன விலை சொல்லியிருப்பாங்க!

அந்த 'சிரிச்சுக்கிட்டே இரு' கோஷ்டிக்கும் ஒண்ணு இருக்கு. 2007-ல அமெரிக்காவுல தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை வெச்சுப் பாத்தாங்க. மனசு எப்படி இருந்துச்சுங்கறதுக்கும் எத்தனை நாள் இருந்தாங்கங்கறதுக்கும் சம்பந்தமே தெரியலை. அழுறவங்க அழட்டும் சாமிகளா. நோய் வந்ததும் இல்லாம, உம்முன்னு இருந்த குத்தமும் அவங்க தலையிலயா?

"எல்லாரையும் ஓடச் சொல்றியா?"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும் :-) எலும்புக்குப் பரவியிருந்தா, ரத்த அணுக்கள் குறைஞ்சிருந்தா, காய்ச்சல் இருந்தா விஷயம் வேற. ஆனா அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். பெரியப்பா பையன் இல்லை. படுத்தே கெடந்தா தசை கரையும், சோர்வு இன்னும் கூடும். சோர்வா இருக்காங்களேன்னு மறுபடி படுக்க வைப்பாங்க. நல்ல வைத்தியம்!

சாயங்காலம் அத்தையைக் கூட்டிக்கிட்டு வேலி வரைக்கும் நடந்தேன். ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்குனாங்க. "படுத்தாத்தான் கண்ணு பயமா இருக்கு, காட்டுல நின்னா அந்த நெனப்பே வர்றதில்ல"ன்னாங்க. அப்புறம் மிளகுக்கொடியடியில களை மண்டிக் கெடக்கறதைப் பாத்துட்டு, மாமாவைப் புடிச்சு ஒரு ஏறு ஏறுனாங்க பாருங்க, நாலு மாசத்துக் கோபமும் அதுல இருந்துச்சு. மாமா ஒரு வார்த்தை பேசலை. உள்ள போயி களைக்கொத்து எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு.