சாமைக்கு விதை இருக்கு, மில்லு எங்கே?

கோயமுத்தூரில் எந்த இயற்கை அங்காடிக்குள் நுழைஞ்சாலும் சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் பாக்கெட்டில் வரிசையா நிற்குது. "இது எந்த ஊர்ச் சாமைங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தினை ஆந்திரத்துச் சரக்கு. சாமையும் வரகும் மத்தியப் பிரதேசத்து மலை மாவட்டங்களில் விளைஞ்சு, நாசிக் ஆலைகளில் உமி நீங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்தவை. மானாவாரி பூமிக்குப் பேர் போன கொங்கு நாட்டில் விற்கிற சிறுதானியத்தில் கொங்குச் சரக்கு சொற்பம்தான்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தமிழ்நாடு அரசும் சிறுதானிய இயக்கம் தொடங்கியது. தேவை கூடியது உண்மை. ஆனால் 1950-களில் இந்தியாவில் ஏறத்தாழ 50 லட்சம் எக்டேரில் விளைந்த சாமை வகைத் தானியங்கள் இன்றைக்கு 5 லட்சம் எக்டேர் அளவில் நிற்கின்றன. விழா எடுத்தால் மட்டும் பரப்பு திரும்பி வராது.

பல்லடம், உடுமலைப் பக்கம் சோளக்காடு ஏன் மக்காச்சோளக்காடு ஆச்சு? உழவனுக்கு ருசி மாறியதாலா? கோழித்தீவன ஆலைக்காரன் வாசலுக்கே வந்து எடை போட்டுப் பணம் கொடுத்தான், அவ்வளவுதான். மிச்சமிருக்கிற சோளமும் பெரும்பாலும் தட்டுக்காகத்தான், மாட்டுக்குத்தான். கொல்லிமலையில் சாமைக் காட்டுக்குள் மரவள்ளி புகுந்ததும் இதே கதைதான், அங்கே வாங்கினது ஜவ்வரிசி ஆலை. வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே தலை நரைத்தவன் நான். வாங்குகிற ஆள் தெரியாத பயிருக்கு யாரும் துணிந்து கடன் கேட்டதும் இல்லை, நாங்கள் சந்தோசமாகக் கொடுத்ததும் இல்லை.

கேழ்வரகு மட்டும் தாக்குப்பிடிக்குதே என்பீர்கள். அதற்கு உமி நீக்கும் தொல்லை கிடையாது, அப்படியே மாவாக்கலாம். மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்போடு அதுவும் இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் அரசே கொள்முதல் செய்து, 2023 முதல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் மாதம் 2 கிலோ கொடுக்கத் தொடங்கியது. சாமைக்கும் வரகுக்கும் அந்தப் பட்டியலில் தனி விலை இல்லை.

இனி காசுக்கணக்குக்கு வருவோம். போன வருசம் என் தோட்டத்துச் சாமையை உமியோடு கிலோ 32 ரூபாய்க்குக் கேட்டார் ஒரு வியாபாரி. அதே வாரம் கடையில் சாமை அரிசி கிலோ 110. நூறு கிலோ அவருக்குப் போட்டால் 3,200. அரைத்தால் 60 கிலோ அரிசி தேறும், நாமே விற்றால் 6,600. கல் பொறுக்க, அரவைக்கூலி, வண்டி வாடகை, பை என்று 1,500 போனாலும் கையில் 5,100 நிற்கும். ஒரே தானியம், உமிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 1,900 ரூபாய் வித்தியாசம். அந்த உமிதான் நம்மைத் தோற்கடிக்குது.

நெல் மில்லில் இதை அரைக்க முடியாது. மணி பொடிசு, வரகுக்கோ அடுக்கடுக்காய் உமி. முன்னெல்லாம் நம் அம்மிச்சிகள் உரலில் குத்திக் குத்தித் தோள் வலித்தே இதை விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இப்போது உமி நீக்கும் எந்திரத்தை நம்ம கோயமுத்தூர்ப் பட்டறைகளிலேயே செய்து வெளிமாநிலத்துக்கும் அனுப்புகிறார்கள். நம் கிராமத்தில்தான் அது இல்லை!

இன்னொன்று கவனியுங்கள். உமியோடு இருக்கும் சாமை வருசக்கணக்கில் கெடாது. தவிட்டோடு அரிசியாக்கினால் எண்ணெய்ச்சத்து இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் காறல் அடிக்கும். தூரத்து ஆலைக்காரர்கள் வெள்ளையாகத் தீட்டி அனுப்புவது இதனால்தான். பக்கத்தில் மில் இருந்தால் மாதாமாதம் தேவைக்கு அரைத்து, தீட்டாமல் கொடுக்கலாம். மைதாவில் துளி தினை கலந்து 'சிறுதானிய பிஸ்கெட்' விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அறுவடையானதும் கைச்செலவுக்கு விற்றே ஆகணும் என்பவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைக் கேளுங்கள். விளைபொருளை அங்கே இருப்பு வைத்தால் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் உண்டு, 180 நாள் வரை வைக்கலாம். கிடங்கில் இடமில்லை, சாமைக்கு மதிப்புப் போடத் தெரியாது என்று சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயக்கம் மேலே கொண்டு போக அந்தக் கடிதம் உதவும்.

புதிதாக இறங்குபவர்கள் தனியாக அரை ஏக்கர் போட வேண்டாம். சுற்றிலும் தென்னை, நடுவில் தினை என்றால் குருவிக்கும் மயிலுக்கும் விருந்து வைத்த மாதிரிதான். பத்துப் பேர் ஒட்டுக்காக ஒரே பட்டத்தில் இருபது ஏக்கர் விதைத்தால் பறவைச் சேதமும் பங்காகும், ஒரு சின்ன மில்லுக்குத் தீனியும் கிடைக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் டிராக்டருக்கு முன்னால் இந்த எந்திரத்தைப் பேச்சில் எடுங்கள். விதைக்குக் கவலையில்லை, திருவண்ணாமலை அத்தியந்தல் மையத்தில் கேட்கலாம். ஆடிப்பட்டம் தவறினாலும் புரட்டாசி இருக்கு.