மச்சுக்கு ஒரு மனு

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் சாலையில் மேல்பட்டாம்பாக்கம் என்னும் பேரூர் இருக்கிறது. ஒரு பக்கம் நெல்லிக்குப்பத்துக் கரும்பு. மறு பக்கம் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும். இப்படிப்பட்ட ஊரின் கடைத்தெருவில் ஒரு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சரக்குப் பெருகிவிட்டது, கடை பெருகவில்லை. அண்ணாந்து பார்க்கிறார். தரையிலிருந்து கூரை வரை 14 அடி. அதில் பாதி வெறும் ஆகாசம். "வாடகை கொடுப்பது தரைக்கு மட்டுமா? ஆகாசத்துக்கும் சேர்த்துத்தானே!" என்று அவருக்குத் தோன்றுகிறது. நாலு இரும்புத் தூண், இரண்டு உத்தரம், மேலே பலகை. ஒரு வாரத்தில் மச்சு தயாராகிவிடுகிறது. "பேரூராட்சியில் அனுமதி பெற்றீர்களா?" என்று யாராவது கேட்டால், "என் கடைக்குள் நான் பலகை போட யாரைக் கேட்க வேண்டும்?" என்கிறார்.

இந்தக் கேள்வியை நாம் பரிகசிக்க விரும்பவில்லை. அந்நியர் ஆண்ட காலத்தில், சர்க்கார் காகிதம் என்றாலே வரி அல்லது அபராதம் என்பதுதான் ஜனங்களின் அநுபவம். அதற்கு டிமிக்கி கொடுப்பது சாமர்த்தியமாக இருந்தது; சில சமயம் தேசபக்தியாகவும் இருந்தது. 1947-க்குப் பிறகு சட்டம் செய்கிறவர்கள் நம்முடைய வோட்டைப் பெற்றவர்கள். ஆயினும் அந்தப் பழைய சாமர்த்தியம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆகவே, அனுமதிச் சீட்டு என்பது யாருடைய நன்மைக்காக ஏற்பட்டது என்பதை இந்த வாரம் சற்று விசாரிப்போம்.

முதலில் பரண் வேறு, மச்சு வேறு. தேசியக் கட்டிட நெறித்தொகுப்பு இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. பரண் என்பது சாமான் போடும் இடம். அதன் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படக் கூடாது. மனிதர் ஏறி நடமாடும் மச்சு, அதாவது இடைமாடி, குறைந்தது 2.2 மீட்டர், சுமார் ஏழேகால் அடி, உயரம் உள்ளதாக இருக்க வேண்டும். கட்டிடத்தின் அடித்தளப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது பரவலாகாது. மேலும் கீழும் காற்றோட்டத்தைத் தடுக்கக் கூடாது. அதில் அடுப்பு மூட்டக் கூடாது. காற்றுப் புகாத அறையாக அடைத்துவிடவும் கூடாது. நமது வியாபாரியின் 14 அடிக் கடையில் மேலே ஏழேகால் அடி விட்டால், பலகையின் கனம் போகக் கீழே நிற்பவருக்கு ஆறடிச் சொச்சமே மிஞ்சும். தூண் வாங்கப் புறப்படுமுன் அளவுகோலை எடுத்திருந்தால் இது அவருக்கே விளங்கியிருக்கும்.

அடுத்தது பாரம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி, வீட்டு அறையின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்துக்கு அமைத்தால் போதும். சரக்கு அடுக்கும் தளத்துக்கோ குறைந்தது 750 கிலோ. பத்தடிக்குப் பன்னிரண்டடி மச்சு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டு அறையானால் சுமார் இரண்டேகால் டன். மூட்டை அடுக்கும் கிடங்கானால் எட்டு டன்னுக்கு மேல். இரண்டு கோயில் யானைகளைத் தலைக்கு மேல் நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுவதற்குச் சமானம் இது! அந்தப் பாரம் முழுவதும் தூண் வழியே இறங்கி மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். சிமெண்டுப் பூச்சின்மேல் தூணை நிறுத்தியிருக்கிறதா, அஸ்திவாரத்தின்மேல் நிறுத்தியிருக்கிறதா என்பது சரக்கு வாங்க வரும் குழந்தைக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்காகப் பார்க்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர் பார்ப்பதற்குத்தான் வரைபடமும் மனுவும்.

பார்க்க வேண்டியவர் பாராமல் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்து ஹயாட் ஹோட்டலின் பெரிய கூடத்தில், மேலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிட்ட நடைபாதைகள் இருந்தன. இரண்டாம் மாடி நடைபாதையும் அதற்கு நேர் மேலே நான்காம் மாடி நடைபாதையும் ஒரே நீண்ட கம்பியில் தனித்தனியே தொங்குவதாக முதலில் ஏற்பாடு. வேலை சுலபமாக வேண்டும் என்று அதை மாற்றி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையிலிருந்தே தொங்கவிட்டார்கள். ஒரே கயிற்றை இருவர் பற்றித் தொங்குவது வேறு. ஒருவன் காலை மற்றொருவன் பற்றித் தொங்குவது வேறு அல்லவா? மேல் நடைபாதையின் பிணைப்புகளில் பாரம் இரட்டித்தது. கணக்குப் பாராமலே வரைபடத்தில் இஞ்சினீயரின் முத்திரை விழுந்தது. 1981-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, நடன விருந்துக்குக் கூட்டம் நிறைந்திருந்த மாலையில், இரண்டும் அறுந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர்.

பாரம் தாங்கினால் மட்டும் போதாது. ஏறியவர் இறங்கவும் வழி வேண்டும். அதே நாட்டில் ஓக்லண்ட் நகரத்துக் கிடங்கு ஒன்றைக் குடியிருப்பாகவும் கச்சேரிக் கூடமாகவும் அனுமதியின்றி மாற்றியிருந்தார்கள். மேல் தளத்துக்கு ஏறும் படிகளில் ஒன்று சரக்கு அடுக்கும் மரச் சட்டங்களால் ஆனது. 2016-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி இரவு தீப்பற்றியபோது 36 பேர் உயிர் இழந்தனர். பெரும்பாலோர் மேலே புகையில் சிக்கியவர்கள்.

இதையெல்லாம் சொல்லிக் குடிமக்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமாகாது. 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டிடத்துக்கு அனுமதி இல்லாமலில்லை! காகிதம் இருந்தது, காகிதம் தூணைத் தாங்கவில்லை. பரிசோதனை இல்லாத அனுமதி வெறும் ரசீதுதான். மனுதாரரை மாதக் கணக்கில் அலைய வைத்துவிட்டு, பிறகு தளத்தை எட்டிப் பாராமலே முத்திரை குத்தும் உத்தியோகஸ்தர் எவராயினும், அனுமதியின்றிக் கட்டுகிறவரைக் குறை சொல்லும் யோக்கியதையை இழந்துவிடுகிறார்.

"முதலில் கட்டிவிடுவோம்; பிறகு அபராதம் கட்டி வரன்முறை செய்து கொள்ளலாம்" என்ற எண்ணம் நம் ராஜ்யத்தில் வேரூன்றியதற்குச் சர்க்காரும் பொறுப்பாளி. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கென்று 1998-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2012-ல் மற்றொன்று வந்தது. விதியைக் காத்தவர் ஏமாளி, மீறியவர் புத்திசாலி என்ற பாடத்தையே ஜனங்கள் இவற்றிலிருந்து கற்றார்கள். 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, பல வருஷம் ஆகிவிட்டது, நிறையப் பணம் செலவழித்துவிட்டோம் என்ற காரணங்களால் முறையற்ற கட்டிடம் முறையானதாகிவிடாது என்று தீர்ப்பளித்திருப்பது நல்ல காரியம்.

இனி மேல்பட்டாம்பாக்கத்து வியாபாரி செய்ய வேண்டியது என்ன? சுவருக்குப் பூச்சு, வெள்ளையடித்தல், தரை மாற்றுதல் ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டுவதில்லை என்று நெறித்தொகுப்பே சொல்லுகிறது. அந்த ஜாபிதாவில் புதிய தளம் கிடையாது. சிறு வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று மூலம் உடனே அனுமதி கிடைக்கிறது; கடைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகையால் 2019-ம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளை அறிந்த, பதிவு பெற்ற இஞ்சினீயர் ஒருவரை அழைத்து, மேலே வைக்கப் போகும் சரக்கு இன்னதென்று ஒளிக்காமல் சொல்லி, வரைபடம் எழுதச் செய்ய வேண்டும். வாடகைக் கடையானால் சொந்தக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பிறகு பேரூராட்சிக்கு மனு. பதில் வராவிட்டால், 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, மனு யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்கலாம். முப்பது நாளில் விடை சொல்லியாக வேண்டும். லஞ்சம் கொடுப்பதைவிட இது மலிவு, மானமும் கூட.

சுயராஜ்யம் என்பது தில்லியில் கொடி ஏறியதோடு முடிந்த காரியமல்ல. நம் கூரைக்குக் கீழே நிற்கும் அயலாரின் தலைக்கு நாம் ஜவாப்தாரி என்று ஒவ்வொரு வியாபாரியும், அந்தத் தலையை நினைத்தே தாம் கையெழுத்திடுவதாக ஒவ்வொரு உத்தியோகஸ்தரும் எண்ணும் நாளில்தான், அது நம் கடைத்தெருவுக்கு வந்து சேரும்.