விசாவுக்குத் தட்சணையா?

நமது நாட்டு மக்கள் சவூதி, துபாய், குவைத், கத்தார் முதலிய வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதைப்பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. உழைப்புக்கு எங்கே கூலி அதிகமோ அங்கே போவது மனிதனுடைய உரிமை. அவர்கள் வெயிலில் நின்று அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ கிராமங்களில் கூரை வீடு தள வீடாயிற்று. பெண் மக்கள் பள்ளிக்கூடம் கண்டார்கள். ஆனால் அப்படிப் போகிறவன், போவதற்கு முன்பே நிலத்தை அடகு வைத்தும், மனைவியின் தாலியை விற்றும் தரகனுக்குக் கொட்டிக் கொடுக்கிறானே, அது எதற்காக என்றுதான் நாம் கேட்கின்றோம்.

விசா என்பது என்ன? அந்த நாட்டு முதலாளிக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அவன் தன் சர்க்காரிடம் மனுச் செய்து, இன்ன வேலைக்கு இத்தனை ஆள் கொண்டுவர அனுமதி வாங்குகிறான். அதுதான் விசா. தேவை அவனுடையது, ஆகவே செலவும் அவனுடையதுதான். இது நமது கற்பனையல்ல. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக் கூடாது என்று ஐக்கிய அரபு நாடுகளின் 2021ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லுகிறது. ஆளைத் தருவிக்கும் கட்டணம், தங்கும் அனுமதிக் கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம் எல்லாம் முதலாளியையே சேரும் என்று சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40வது பிரிவு சொல்லுகிறது. முதலாளியின் நாட்டுச் சட்டமே இப்படியிருக்க, நம் ஊர்த் தரகன் "விசாவுக்கு விலை" என்று கேட்பது எந்தச் சாஸ்திரத்தின்படி?

சொர்க்கத்துக்கு வழி காட்டுகிறேன் என்று புரோகிதன் தட்சணை வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கும் ரசீது இல்லை. இங்கும் ரசீது இல்லை. போனவன் திரும்பி வந்து சாட்சி சொல்ல முடியாது என்பது புரோகிதனுக்குள்ள சௌகரியம். திரும்பி வந்தவன் வெட்கப்பட்டு வாய் திறக்கமாட்டான் என்பது தரகனுக்குள்ள சௌகரியம். போதாக்குறைக்குக் கடல் தாண்டும் யோகம் இருக்கிறதா என்று ஜாதகம் பார்ப்பதும், பழவந்தாங்கலில் "விசா கணபதி" என்றே பெயர் வைத்து ஒரு பிள்ளையாரை உட்கார்த்தியிருப்பதும் வேறு! ராகுகாலம் பார்த்துப் புறப்படுகிறவன், தரகனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லையே!

இதனால் ஒருவருடைய உதவியும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெரியாத பாஷையில் எழுதிய ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், காகிதங்களைச் சரி பார்க்கவும் தொழில் தெரிந்தவர் அவசியம் வேண்டும். ஏனெனில் இந்த விசா வந்தவனை அந்த ஒரு முதலாளியோடு கட்டிப்போடுவது. அங்கே போய் இறங்கியபின் "இவன் வேண்டாம், வேறு இடம் பார்க்கிறேன்" என்பது எளிதான காரியமல்ல. ஆகையால் இங்கே கையெழுத்துப் போடும் நிமிஷந்தான் அவனுக்கு உள்ள பலமெல்லாம்.

அந்த உதவி எங்கே கிடைக்கும்? 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வோர் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டுதான் ஆள் எடுக்கலாம். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கூலி அதிகமாய்ப் போனால் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுந்தான். அதற்கும் ரசீது கொடுக்கவேண்டும். அவருடைய லைசென்ஸ் உண்மையா என்பதை இந்திய சர்க்காரின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். தமிழ்நாட்டு சர்க்காரே 1978ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அவருடைய அனுமதி பெற்றாகவேண்டும். அதோடு 2 வருஷத்துக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால் 10 லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் உண்டு.

தரகன் செய்வதென்ன? "அதெல்லாம் தாமதமாகும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான். இதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு ஒப்பந்தம் ஏது, இன்ஷூரன்ஸ் ஏது, அதிகாரியிடம் பதிவு ஏது? நாளைக்குச் சம்பளம் தராமல் விரட்டினால் தூதராலயத்தில் காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது அவனிடம் இருக்குமா?

"தரகர் நம்ம ஆள், நம்ம ஜாதி, மாமன் முறை, மோசம் செய்யமாட்டார்" என்பார்கள். ஏமாற்றுகிறவன் அன்னியனாய் இருந்தால் நீங்கள் ரசீது கேட்பீர்கள். நம்ம ஜாதியாய் இருப்பதால்தானே கேட்கக் கூச்சப்படுகிறீர்கள்? அந்தக் கூச்சந்தான் அவனுடைய மூலதனம்.

இது புதிய பித்தலாட்டமும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கொண்டுபோன கங்காணியும் நம் ஊரான்தான். அவன் கொடுத்த முன்பணம் கடனாகி, அந்தக் கடனை எழுதிய "துண்டு" என்ற சீட்டோடு தோட்டம் தோட்டமாய்க் கூலிகள் கைமாறினார்கள். துண்டு முறை 1921ல் ஒழிக்கப்பட்டது. இன்றைக்கோ, கடன்பட்டுப் போகிறவன் முதல் வருஷச் சம்பளத்தை வட்டிக்காரனுக்கு அனுப்புகிறான். அடித்தாலும் திட்டினாலும் திரும்பி வர முடியாமல் அவனைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கடன்தான். பெயர் மாறியதே தவிர, துண்டு ஒழிந்ததா?

சர்க்காரையும் ஒன்று கேட்கின்றோம். லைசென்ஸ் இல்லாமல் ஆள் பிடிப்பவனுக்கு அந்த 1983ஆம் வருஷச் சட்டம் விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய்! சிறைத் தண்டனை 2 வருஷம் வரை உண்டு என்றாலும், லட்சக்கணக்கில் விழுங்குகிறவனுக்கு இந்த அபராதம் வெற்றிலைப்பாக்குச் செலவல்லவா? முப்பதாயிரத்தையுங்கூட முதலாளி தலையில் போடாமல் ஏழையின் தலையில் வைத்திருப்பது எவ்வகையில் நியாயம்?

தோழர்களே! சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒருவன் கடல் கடந்து போகப் புறப்பட்டால் தரகனிடம் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: லைசென்ஸ் எங்கே? ஒப்பந்தம் எங்கே? வேலை விசாவா, விசிட் விசாவா? ரசீது எங்கே? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் பணத்தை மடியிலேயே வைத்திருக்கட்டும். தன் உழைப்பை விற்கப் போகிறவன் வாங்குகிறவனுக்கே பணமும் கொடுத்து வணங்கி நிற்பது வேலை தேடுவதாகுமா, அடிமையாகப் போவதாகுமா என்று யோசித்துப் பாருங்கள்.