பின்தொடர்ந்தவன்

சின்னாட்களுக்கு முன், பழைய படங்களை மீளக் காட்டும் கழகத்தார் ஒருவரின் ஏற்பாட்டில், நகரத்துப் படக்கொட்டகை ஒன்றில் ‘ஃபாலோயிங்’ என்னும் ஆங்கில மர்மப்படத்தை நண்பர் இருவருடன் கண்டோம். கிறிஸ்டோபர் நோலன் 1998-இல் வெளியிட்ட முதல் முழுநீளப் படம் இது. அவர் பிற்காலத்தில் எடுத்த பெரும்படங்களை எண்ணி வந்த நண்பர், கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ 70 நிமிடத்தில் முடிந்த இதனைக் கண்டு முகஞ்சுளித்தனர். எமக்கோ அன்றிரவு உறக்கம் வந்திலது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர் நோலன். இப்படத்திற்கு அவர் செலவிட்டது சுமார் 6,000 டாலரே. நடித்தோர் வாரமெல்லாம் வேறு தொழில் பார்த்தவராதலின், சனிக்கிழமைகளில் மட்டும் கூடி, ஓராண்டளவாக எடுத்தனர். பிலிம் வீணாகாதிருக்கப் பலகால் ஒத்திகை பார்த்து, ஓரிரு முறையிலேயே பதிவு செய்தனர். விளக்குகளுக்குப் பொருளில்லை, சாளரத்து வெளிச்சமே பெரும்பாலும் துணை. அவ்வறுமையே படத்திற்கு அச்சத்தை அளித்தது என்போம். மங்கிய அறையில் அயலார் இருவர் நிற்கையில், அது நம் வீட்டு அறையோ என்று நெஞ்சம் துணுக்குறுகின்றது.

வேலையற்ற இளைஞன் ஒருவன், எழுத்தாளனாகும் விருப்பினன், முன்பின் அறியாதாரை வீதிகளில் பின்தொடர்கின்றான். ஒருவரையே மறுமுறை தொடர்தல் கூடாதெனத் தானே விதி வகுத்துத் தானே மீறுகின்றான். அங்ஙனம் தொடரப்பட்ட காப் என்பான், சிற்றுண்டிச்சாலையில் அவன் எதிரே வந்தமர்ந்து காரணம் வினவுகின்றான். காப் வீடு புகுந்து திருடுவோன். ஆயினும் பொருளைக் காட்டிலும் பிறர் அந்தரங்கத்தைத் துழாவுதலிலேயே அவனுக்கு இன்பம். ஒருவர் பெட்டியில் சேர்த்துவைத்த சிறு பொருள்களைக் கவிழ்த்து, இவர் இத்தகையார் என அவன் கணிக்குமிடம், எமக்குக் கொலையினும் கொடிதாகத் தோன்றிற்று.

கதை முன்பின்னாக மாறி வருகின்றது. இளைஞனின் நீண்ட முடி, வெட்டிய முடி, அடிபட்ட முகம் இவற்றைக் கொண்டே காலத்தை உணர்தல் வேண்டும். முடிவைக் கூறின், இனிக் காண்போர் எம்மை மன்னியார். ஒரு குறை மட்டும் சொல்வோம்: இறுதியில் முடிச்சுகள் அளவுக்கு மிஞ்சிய சாமர்த்தியத்தோடு பொருந்துகின்றன. சூழ்ச்சியை மெச்சும் நாம், பின்தொடர்ந்தவன் செய்த பிழையை மறந்துவிடுகின்றோம்.

யாம் மறத்தற்கில்லை. சென்ற ஆண்டு பேருந்தில் எம் முன்னிருக்கையில் ஓர் அம்மையார் செல்பேசியில் மகனிடம் அழுது மன்றாடினார். எம் நிறுத்தம் கடந்தும் இறங்காதிருந்து கேட்டோம். அதனைக் கதையாக்கினோம், அவர் புடைவையின் நிறத்தையும் மாற்றினோமில்லை. தோழர் பாராட்டினர்.

எழுதுவோர் யாவரும் செய்வது இதுவன்றோ என்றார் நண்பர். இருக்கலாம். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய விதியைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்தோம்; அது எதன் பொருட்டு என்று இதுகாறும் எண்ணிப் பார்த்திலேம்.

அக்கதையை இவ்வாண்டு மலருக்குத் தருவதாகப் பத்திராதிபரிடம் கூறியிருந்தோம். அதற்கு மாற்றாகவே இக்கட்டுரையைக் கொடுத்தோம். கதைத்தாள்கள் எம் பெட்டியில் உள.