இன்னொரு சாவி



கரூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேஜையிலேயே இருக்கிறது. மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாங்கும்போது கையில் வந்தது ஒரே ஒரு சாவி. விற்றவரிடம் கேட்டதற்கு, "இன்னொண்ணு வீட்ல எங்கேயோ கெடக்கு சார், தேடி அனுப்புறேன்" என்றாராம். வரவில்லை, இவரும் வற்புறுத்தவில்லை. பேத்தியின் காதுகுத்துக்காகக் குலதெய்வக் கோயிலுக்குப் போன இடத்தில் அந்த ஒற்றைச் சாவியும் தொலைந்துபோனது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை 23,000 ரூபாய். வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்க்கும் செலவு தனி. "ஒரு சாவிக்கா ஐயா இவ்வளவு? இதில் நியாயமான தொகை எவ்வளவு, என் தவிப்பைப் பார்த்துப் போட்ட தொகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்று நினைக்கிறேன். இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது பயன்படும்.

ரிமோட் சாவி என்று ஒரே பொருளாக நாம் சொல்வதற்குள் உண்மையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பூட்டைத் திருப்பும் இரும்பு. இரண்டு, கதவைத் திறந்து மூடும் ரிமோட். வட்ட பேட்டரியில் ஓடும் குட்டி ரேடியோ அது. நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது அனுப்பும் எண் மாறும். முந்தைய எண்ணை யாராவது ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்து மறுநாள் அனுப்பினாலும் கதவு திறக்காது. மூன்றாவது பொருள்தான் முக்கியம்: சிப். அதற்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் எழுப்பும் காந்த அலையிலிருந்தே சிப் சக்தியை எடுத்துக்கொண்டு, கார் கேட்கும் கேள்விக்குப் பதில் அனுப்பும். பதில் சரியாக இருந்தால்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் வண்டியை ஓடவிடும். இல்லையென்றால் இரும்பு எவ்வளவு கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தாலும் வண்டி நகராது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். மாருதி வண்டிகளில் ஐகேட்ஸ் என்பார்கள்.

மூன்றும் தனித்தனி என்று தெரிந்துகொண்டாலே வீண் செலவு பல குறையும். பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை என்று பதறி, புதுச் சாவிக்குப் பணம் கட்டியவர்களை நான் அறிவேன். ஐம்பது நூறு ரூபாய் பேட்டரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. பேட்டரி செத்தாலும் இரும்பைப் போட்டுக் கதவைத் திறக்கலாம், சிப் வேலை செய்வதால் வண்டியும் கிளம்பும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளிலும் சாவிப்பெட்டிக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறந்துவிட்டு, பல மாடல்களில் சாவிப்பெட்டியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் இன்ஜின் உயிர்பெறும். உங்கள் வண்டிக்கு எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். இன்று இரவே எடுத்துப் பாருங்கள். மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு கையேட்டைப் புரட்ட முடியாது.

இன்னொன்று. மேல்கூடு உடைந்தால் கூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சில நூறு ரூபாய்தான். ஆனால் சில சாவிகளில் சிப் அந்தக் கூட்டின் மூலையில் தனியாக ஒட்டியிருக்கும். பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் சிப்பும் அதோடு போய்விடும். புதுக் கூட்டில் ரிமோட் அருமையாக வேலை செய்யும், வண்டி மட்டும் கிளம்பாது. கூட்டை மாற்றிய கையோடு, கடை வாசலிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் பழையதைத் தூர எறிய வேண்டும்.

இனி, ஆசிரியர் கேட்ட நியாயம். சிப் நம்மிடம் பணம் பிடுங்குவதற்காக வந்ததல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார் திருட்டு கட்டுக்கடங்காமல் போக, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நெருக்கியதால் பரவியது அது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கார்களுக்கெல்லாம் இம்மொபிலைசர் கட்டாயமானது. 2001ல் ஆஸ்திரேலியாவும் 2007ல் கனடாவும் அதே வழிக்கு வந்தன. அமெரிக்கா மட்டும் சட்டம் போடவில்லை. அதன் விளைவை 2021, 2022ல் உலகமே பார்த்தது. சிப் இல்லாத கியா, ஹூண்டாய் கார்களை ஒரு யுஎஸ்பி ஒயரின் நுனியை வைத்தே திருப்பிக் கிளப்பும் வித்தை டிக்டாக்கில் பரவி, ஊர் ஊராக இளைஞர்கள் வண்டிகளைக் கடத்தினார்கள். 2015ஆம் ஆண்டு மாடல்களை எடுத்துக்கொண்டால், அங்கே மற்ற கம்பெனிகளின் கார்களில் 96 விழுக்காட்டில் இம்மொபிலைசர் இருந்தது; இந்த இரண்டு கம்பெனிகளின் கார்களில் 26 விழுக்காட்டில்தான் இருந்தது. வண்டியை இழந்தவர்கள் போட்ட வழக்கில், 2023ல் சுமார் 20 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. ஆக, சிப்புக்கும் அதைக் காரோடு பழக்கும் வேலைக்கும் நாம் ஒரு விலை கொடுப்பது நியாயம்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

நியாயம் எங்கே தடம் மாறுகிறது என்றால், கையில் ஒரு சாவியும் இல்லாத நிலையில்தான். ஓடும் சாவி ஒன்று இருக்கும்போது இன்னொன்று போடுவது சின்ன வேலை. சாதாரண கார்களுக்கு மடக்குச் சாவி ரிமோட்டோடு நாலாயிரம், எட்டாயிரத்துக்குள் பெரும்பாலும் முடியும். பட்டன் ஸ்டார்ட் சாவி என்றால் 10,000 தாண்டலாம். ஜெர்மன் சொகுசு வண்டிகளின் கணக்கே வேறு. சில ஃபோர்டு கார்களில் இரண்டு சாவியும் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே பழக்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் இரண்டும் போய்விட்டால் கதை மாறுகிறது. வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனியிடமிருந்து ரகசிய எண் வாங்க வேண்டும். அது ஒத்துவராத மாடல்களில் இம்மொபிலைசர் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். கூடவே ஸ்டியரிங், கதவுகள், டிக்கி என்று பூட்டு செட் முழுவதும் எஸ்டிமேட்டில் ஏறும்.

கரூர் ஆசிரியருக்கு நான் எழுதியது இதுதான்: மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள், எதெதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வாங்கி அனுப்பினார். அதில் பெரும் பகுதி பூட்டு செட்டுக்குப் போயிருந்தது. சாவி தொலைந்தது வீட்டிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி, ஆயிரக்கணக்கானோர் கூடும் கோயில் திடலில். சாவியில் வண்டி எண்ணோ முகவரியோ இல்லை. தொலைந்த சாவியின் சிப்பைக் காரின் நினைவிலிருந்து அழித்துவிட்டால் அதை வைத்து யாரும் வண்டியை ஓட்டிப்போக முடியாது. கதவை மட்டும் இரும்பு திறக்கும். அந்தச் சூழ்நிலையில் பூட்டு செட் அவசியமில்லை என்பது என் கருத்து. இதுவே வீட்டு வாசலில் பையோடு திருடுபோன சாவியாக இருந்தால் பூட்டையும் மாற்றத்தான் சொல்வேன். இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லி, முடிவை அவரிடம் விடுவதுதானே தொழில் தர்மம்? தொலைந்த சாவியை அழிப்பதும் கேட்டால்தான் பல இடங்களில் நடக்கிறது. கேளுங்கள், அழித்ததை பில்லில் எழுதியும் வாங்குங்கள்.

எனக்கு ஆற்றாமை வருவது வேறொரு இடத்தில். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019ல். அத்தனை பேர்போன பூட்டுத்தொழில் இருக்கும் மாநிலம் நமது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனாலும், எந்த ஊர் கடைவீதிக்குப் போனாலும், அரம் பிடித்த கையால் இன்று கோடிங் மெஷினும் இயக்கும் சாவிக்காரர்களைப் பார்க்கலாம். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் பிளக்கில் மெஷினைச் செருகி, அரை மணியில் வேலையை முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் சொல்வதில் பாதிக் கூலிதான் கேட்கிறார்கள். அந்த மெஷினுக்காகக் கடன் வாங்கியவர்கள் உண்டு. அப்படி இருந்தும் ஒவ்வொரு புது மாடலுக்கும் கம்பெனியின் கதவு அவர்களுக்கு மூடியே இருக்கிறது. திருடனுக்குத் துணைபோகிறவன் என்ற சந்தேகப் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. நான் பார்த்த நல்ல சாவிக்காரர்கள் ஆர்.சி. புக்கையும் ஆதாரையும் பார்க்காமல் வண்டியைத் தொடுவதில்லை; நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறார்கள். எதையும் கேட்காமல் சாவி போட்டுத் தருகிற இடத்துக்கு நீங்கள் போகவே கூடாது. உங்கள் வண்டிக்கும் அங்கே வேறொருவன் போட்டுக்கொள்வான்.

இதற்குச் சட்டம் வழி காட்டாமல் இல்லை. தனி மனிதர் ஒருவர் 2011ல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே அடைத்துவைத்து, வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022ல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. சாவியின் ரகசிய எண்ணும் இந்த உரிமைக்குள் வர வேண்டும் என்பதே என் வாதம். காரை விற்ற பிறகு, அதன் சாவியைப் போடும் அதிகாரத்தை மட்டும் கம்பெனி கையில் வைத்துக்கொள்வது சரியல்ல.

"ரகசிய எண்ணைத் திறந்துவிட்டால் திருடனுக்கும் கிடைத்துவிடுமே?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாஸ்ட்ஃப் என்ற பொது அமைப்பு, பின்னணியைச் சரிபார்த்து சாவிக்காரர்களைப் பதிவுசெய்கிறது. பதிவு பெற்றவர், வண்டி உரிமையாளரின் ஆவணங்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டுதான் கம்பெனியிடமிருந்து எண்ணைப் பெறுகிறார். யார், எந்த வண்டிக்கு, எப்போது கேட்டார் என்ற தடம் இருக்கிறது. காவல்துறைச் சரிபார்ப்போடு நம் ஊர் சாவிக்காரர்களுக்கும் இப்படி ஒரு பதிவேட்டை ஏன் தொடங்கக் கூடாது? அவர்களுக்குக் கௌரவம், நமக்கு நியாயமான கூலி, போலீசுக்கும் தடயம். தமிழக அரசின் தொழில்துறையும் காவல்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியாத காரியமில்லை இது.

அதுவரை நம் கையில் இருப்பது இரண்டாவது சாவி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்று போட ஆகும் தொகையை விலையில் குறையுங்கள். புது வண்டியோடு வரும் சாவி எண் பொறித்த தகட்டைச் சாவிக்கொத்திலேயே தொங்கவிடாமல் கழற்றி வீட்டில் வையுங்கள். இதில் இன்ஷூரன்ஸும் அடங்கியிருக்கிறது: கார் திருடுபோய் நஷ்டஈடு கேட்டால், அசல் சாவி இரண்டையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று குறைந்தால் கேள்வி மேல் கேள்வி வரும். அதனால் சாவி தொலைந்த அன்றே ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுவது நல்லது. சாவி மாற்றுச் செலவுக்கென்றே கூடுதல் பாதுகாப்பைப் பல கம்பெனிகள் தருகின்றன. பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த புதுப்பித்தலின்போது அதன் நிபந்தனைகளை வாசித்துவிட்டு எடுக்கலாம். 2023 ஜனவரியில் ஆக்டிவாவே ஸ்மார்ட் சாவியோடு வந்துவிட்டது. இது கார்க்காரர்கள் கவலை மட்டும் என்று ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இனி ஒதுங்க முடியாது.

எஸ்டிமேட்டைப் பிரித்துத் தர மறுத்தாலோ, தேவையில்லாததைத் திணித்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். சாவி தொலைத்தோ உடைத்தோ மாற்றிய அனுபவம் உள்ளவர்கள், வண்டியின் மாடல், ஊர், சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை, வெளியில் கேட்ட தொகை, கையில் ஒரு சாவியாவது இருந்ததா என்ற விவரங்களை எழுதி அனுப்புங்கள். பில்லின் நகல் இருந்தால் இன்னும் நல்லது. பெயர்களை வெளியிடமாட்டோம். வந்தவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து அட்டவணையாகப் போடுகிறோம். சாவித்தொழில் செய்கிறவர்களும் எழுத வேண்டும். உங்கள் தரப்புக் கூலிக் கணக்கும் மெஷின் செலவும் அந்த அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சாகும். முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்